14 ஐபி கேமரா, இரண்டு கட்டடம்: கேபிள் இழுக்கும் முன் என் திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

தோட்டத்துவீடு:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்கும், பின்னால் தனியாக நிற்கும் பணிமனைக்கும் சேர்த்து கேமரா போடப் போகிறேன். சுவர்ப் பூச்சு தொடங்குவதற்குள் பைப் பதித்தாக வேண்டும். அதன் பிறகு மாற்ற முடியாது என்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

வீட்டில் 10 கேமரா, கீழ்த்தளத்தில் 6, மாடியில் 4. எல்லாம் 4 மெகாபிக்சல். பணிமனையில் 4, அதில் ஒன்று திரும்பிப் பார்க்கும் பிடிஇசட் வகை. வீட்டிலிருந்து பணிமனைக்கு கேபிள் போகும் வழியை நாடா பிடித்து அளந்தேன், 140 மீட்டர் வருகிறது.

நான் போட்டிருக்கும் திட்டம் இது. ரவுட்டர் கூடத்தில் இருக்கிறது. அங்கிருந்து கீழ்த்தளத்து 8 போர்ட் பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்புவது), அதிலிருந்து மாடிக்கு இன்னொன்று, கீழ்த்தளத்துச் சுவிட்சிலிருந்தே பணிமனைக்கு மூன்றாவது. 16 சேனல் என்விஆர், அதாவது பதிவுப் பெட்டி, மாடி அறையில் இருக்கும். 305 மீட்டர் கேபிள் பெட்டி ஒன்று வாங்கி வைத்துவிட்டேன். வெளியூரில் இருக்கும்போது போனில் பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

எங்கே தப்பு இருக்கிறது?

செம்புக்கம்பி:

தம்பி, சுவர் பூசும் முன் கேட்டது நல்ல காரியம். கேமராவை நாளை மாற்றலாம், சுவிட்சை மாற்றலாம். சுவருக்குள் போன கேபிள் அப்படியேதான் கிடக்கும். அதனால் நான் கேபிளைப் பற்றி மட்டும் பேசுகிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

முதலில் அந்த 140 மீட்டர். செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு வரம்பு 100 மீட்டர். அதிலும் சுவருக்குள் நிரந்தரமாகப் போகும் பகுதி 90 மீட்டர், இரு முனையிலும் சேர்த்து பேட்ச் கார்டு என்ற சிறு இணைப்புக் கேபிள்களுக்கு 10 மீட்டர் என்றுதான் கணக்கு. சில சுவிட்சுகளில் "எக்ஸ்டெண்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கும், 250 மீட்டர் வரை போகும் என்பார்கள். போகும், ஆனால் வேகம் 10 எம்பிபிஎஸ்சுக்கு இறங்கிவிடும். ஒரே ஒரு கேமராவுக்கு அது போதும். 4 கேமராவின் படத்தையும் ஒரே கேபிளில் கொண்டு வர அதை நம்ப முடியாது.

பணிமனைக்கு ஃபைபர் போடுங்கள். தூரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறாக இருந்தால் அவற்றுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு வரும். பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தாலும் அந்த நீளமான செம்புக் கம்பியில் மின்னெழுச்சி தூண்டப்பட்டு இரு பக்கச் சுவிட்சையும் என்விஆரையும் சேர்த்து அடித்துவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. உள்ளே இரும்புக் கம்பியோ உலோகக் கவசமோ இல்லாத கேபிளாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் இந்தப் பலன் பாதி போய்விடும். சிங்கிள் மோட் 4 இழை போடுங்கள். இரண்டு வேலைக்கு, இரண்டு உபரிக்கு. இரு முனைச் சுவிட்சிலும் எஸ்எஃப்பி (ஃபைபரைச் சுவிட்சோடு இணைக்கும் சிறு செருகி) துளை இருக்க வேண்டும், இரண்டு எஸ்எஃப்பியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒரே இழையில் போகவர ஓடும் பைடி வகை என்றால் ஒரு பக்கம் 1310 நானோமீட்டரில் அனுப்புவதும் மறுபக்கம் 1550இல் அனுப்புவதும் சோடியாக வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வாங்கிவிட்டு விளக்கு எரியவில்லை என்று வந்தவர்கள் பலர்.

வீட்டுக்குள் சுவிட்சை அடுக்கடுக்காகக் கோக்க வேண்டாம். 10 கேமராவின் கேபிளும் ஒரே இடத்துக்கு வரட்டும். அங்கே ஒரு சின்ன ரேக், பேட்ச் பேனல், ஒரு 16 போர்ட் சுவிட்ச், பக்கத்திலேயே என்விஆர். மாடிக்குக் கூடுதல் கேபிள் ஆகும், ஆகட்டும். கோத்துப் போட்டால் கீழே இருக்கும் சுவிட்சில் அடாப்டர் போனாலும் மாடிக் கேமராவும் பணிமனையும் சேர்ந்து இருட்டாகிவிடும்.

அப்புறம், அந்த 305 மீட்டர் பெட்டி என்ன கேபிள்? பெட்டி மேல் சிசிஏ, அதாவது செம்பு பூசிய அலுமினியம், என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

தோட்டத்துவீடு:

நன்றி அண்ணா. பெட்டியில் "கேட் 6" என்று மட்டும் இருக்கிறது. செம்பா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பார்க்கச் செம்பு நிறம்தான்.

செம்புக்கம்பி:

செம்பு பூசிய அலுமினியமும் வெளியே செம்பு நிறமாகத்தான் இருக்கும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் மல்டிமீட்டர் எடுங்கள். பெட்டியைத் தொடுவதற்கு முன், முழு 305 மீட்டரும் இருக்கும்போதே, ஒரு சோடியின் இரண்டு இழையையும் ஒரு முனையில் முறுக்கி இணைத்துவிட்டு மறுமுனையில் ஓம் அளவு பாருங்கள். 24 கேஜ் சுத்தச் செம்பு என்றால் ஏறத்தாழ 51 ஓம், 23 கேஜ் என்றால் 41 பக்கம் வரும். 24 கேஜில் 80ஐ ஒட்டி வந்தால் அது அலுமினியம்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் அந்தக் கம்பியில் தகவலை மட்டும் அனுப்பவில்லை, கேமராவுக்கு மின்சாரத்தையும் அனுப்புகிறீர்கள். மின்தடை கூடினால் அந்தக் கூடுதல் சக்தி கேபிளிலேயே சூடாகக் கரையும். கனெக்டரில் கிரிம்ப் செய்யும் இடத்தில் அலுமினியம் எளிதில் முறியும், ஆக்சைடு படியும். முதல் வருடம் ஒழுங்காக ஓடிவிட்டு அடுத்த மழைக்காலத்தில் ஒவ்வொன்றாக விழும்.

இரவுக்காவல்:

செம்புக்கம்பி ஐயா கேபிளைச் சொல்லிவிட்டார். நான் மின்சாரக் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே ஒரு மாதம் அலைந்திருக்கிறேன்.

என் வீட்டில் 8 கேமரா, ஒரு 8 போர்ட் பிஓஇ சுவிட்ச். பகல் முழுக்க ஒரு குறையும் இல்லை. பொழுது சாய்ந்ததும் ஏதாவது ஒரு கேமரா அணையும், இரண்டு நிமிடத்தில் திரும்ப வரும், அப்புறம் இன்னொன்று போகும். கேபிளைச் சந்தேகப்பட்டேன், கேமராவைச் சந்தேகப்பட்டேன், ஃபார்ம்வேர் மாற்றினேன். கடைசியில் சுவிட்சின் அடியில் இருந்த ஒட்டுத்தாளைப் படித்தேன். மொத்த பிஓஇ சக்தி 60 வாட். என் கேமரா பகலில் 4 வாட் எடுக்கும். 8 கேமராவுக்கு 32 வாட், நிம்மதி. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கினால் ஒன்று 8 வாட். 64 வாட் ஆகிவிட்டது. அந்த 4 வாட்டுக்காகச் சுவிட்ச் தினமும் ஒரு கேமராவை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

8 போர்ட் இருக்கிறது என்றால் 8 போர்ட்டுக்கும் முழுச் சக்தி கிடைக்கும் என்று அர்த்தமில்லை. 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் கொடுக்கலாம், கேபிள் இழப்பு போகக் கேமராவுக்கு 12.95 வாட் சேரும். 2009இன் 802.3ஏடியில் போர்ட்டுக்கு 30 வாட், கேமராவுக்கு 25.5. அதற்கு மேல் வேண்டுமென்றால் 2018இல் வந்த 802.3பிடி. உங்கள் பிடிஇசட் கேமராவின் தாளில் எவ்வளவு போட்டிருக்கிறது? பெரும்பாலும் 15 வாட்டுக்கு மேல் இருக்கும், ஏடி போர்ட் வேண்டியிருக்கும்.

இன்னொரு நுணுக்கம். சில சுவிட்சுகள் கேமரா உண்மையில் எடுப்பதைப் பார்க்காமல், அது சொல்லும் மின்சக்தி வகுப்பைப் பார்த்துச் சக்தியை ஒதுக்கி வைத்துவிடும். வகுப்பு 3 என்று சொல்லும் கேமராவுக்கு 15.4 வாட் ஒதுக்கினால் 60 வாட் சுவிட்சில் 3 கேமரா ஓடும், நான்காவது எழவே எழாது.

ஆகவே இரவுக் கணக்கைப் போட்டு, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்துச் சுவிட்ச் பாருங்கள். வீட்டுக்கு 10 கேமரா, தலா 8 வாட் என்றால் 80. குறைந்தது 100, முடிந்தால் 120 வாட்.

மாடிப்படி:

குறுக்கே ஒரு கேள்வி. பிஓஇ எதற்கு, கேமராவுக்குப் பக்கத்தில் 12 வோல்ட் அடாப்டர் வைத்தால் ஆகாதா? அல்லது ஒரே இடத்திலிருந்து 12 வோல்ட்டை அதே கேபிளில் அனுப்பினால்?

இரவுக்காவல்:

12 வோல்ட்டைத் தூரம் அனுப்பக் கூடாது. 6 வாட் கேமரா 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும், 48 வோல்ட்டில் 0.125 ஆம்பியர்தான். மின்னோட்டம் நாலில் ஒன்று என்றால் அதே கம்பியில் இழப்பு பதினாறில் ஒன்று. 50 மீட்டர் தாண்டி 24 கேஜில் இரண்டு சோடியைப் பிளஸ், மைனஸ் என்று இணைத்து அனுப்பினாலும் போகவர 4 ஓம் சொச்சம், 12இல் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். கேமரா பகலில் தாக்குப்பிடித்து இரவில் விழும். அடாப்டரைக் கேமரா பக்கத்திலேயே வைத்தால் ஓடும், ஆனால் 14 அடாப்டருக்கும் தனித்தனியாக யூபிஎஸ் கொடுப்பீர்களா? பிஓஇ என்றால் சுவிட்சுக்கும் என்விஆருக்கும் ரவுட்டருக்கும் ஒரே யூபிஎஸ் போதும். மின்சாரம் போன நேரத்தில்தான் கேமரா அதிகம் தேவைப்படும்.

கணக்குப்புத்தகம்:

யாரும் இன்னும் டிஸ்க் பக்கம் போகவில்லை. ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும்: 1 எம்பிபிஎஸ் ஒரு நாள் முழுக்க ஓடினால் 10.8 ஜிபி.

4 மெகாபிக்சல் கேமராவை எச்.264 என்ற படச்சுருக்க முறையில் 6 எம்பிபிஎஸ் என்று வைப்போம். 14 கேமரா 84 எம்பிபிஎஸ். நாளுக்கு 907 ஜிபி, 30 நாளுக்கு 27 டெராபைட். அதைவிட அதிகம் சுருக்கும் எச்.265இல் பாதியாக்கினால் 13.6 டெராபைட். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு என்றால் இன்னும் இறங்கும், ஆனால் வீதியைப் பார்க்கும் கேமராவில் அசைவு நாள் முழுக்க இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நெட்வொர்க்கில் இந்த 84 எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். கேமராவின் போர்ட் 100 எம்பிபிஎஸ் இருந்தால் போதும், ஒரு கேமராவுக்கு அது தாராளம். சிக்கல் சுவிட்சிலிருந்து என்விஆருக்குப் போகும் அப்லிங்கில்தான். மலிவான பிஓஇ சுவிட்சுகளில் அப்லிங்கும் 100 எம்பிபிஎஸ்தான். உங்கள் முதல் திட்டத்தில் என்விஆர் மாடியில் இருந்ததால், கீழ்த்தளத்து 6 கேமராவும் பணிமனையின் 4 கேமராவும் அந்த ஒரே இணைப்பில் 60 எம்பிபிஎஸ்ஸை ஏற்றியிருக்கும். சராசரிக்கு அது தாங்கும். ஆனால் கேமரா படத்தைச் சீராக ஊற்றுவதில்லை. ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறை முழுப் படச்சட்டம் ஒன்றைத் திடீரென்று தள்ளும், பல கேமரா ஒரே கணத்தில் தள்ளினால் சுவிட்சின் நினைவகம் நிரம்பி, படம் கட்டம் கட்டமாக உடையும். அப்லிங்க் ஜிகாபிட் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். செம்புக்கம்பி சொன்ன ஒரே சுவிட்ச் முறையில் இந்தத் தலைவலி தானாகவே குறைகிறது.

என்விஆரின் தாளில் "உள்வரும் அலைவரிசை" என்று ஒரு வரி இருக்கும். 16 சேனல் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இங்கே 80 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தால் உங்கள் 84 அதில் நுழையாது.

வெளியிலிருந்து பார்க்க உங்கள் இணைய இணைப்பின் பதிவேற்ற வேகம்தான் முக்கியம். எல்லாரும் பதிவிறக்க வேகத்தைப் பார்க்கிறார்கள். 14 கேமராவையும் ஒரே திரையில் பார்க்க, சப் ஸ்ட்ரீமை (தரம் குறைத்த சிறிய படம்) அரை எம்பிபிஎஸ் என்று அமைத்தால் 7 எம்பிபிஎஸ் வேண்டும்.

நாலாவதுகோபுரம்:

ஃபைபர் போட 140 மீட்டர் பள்ளம் தோண்ட வேண்டுமே. நான் 5 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லாத் திசைப் பாலம் ஒரு சோடி போட்டு 200 மீட்டரில் 6 கேமராவை நான்கு வருடமாக ஓட்டுகிறேன். இரண்டு கட்டடத்துக்கும் இடையே செம்பு இல்லாததால் மின்னெழுச்சியும் அந்த வழியாகக் கடக்காது. ஃபைபர்தான் ஒரே வழி என்பது போல எழுதுவது சரியில்லை.

செம்புக்கம்பி:

நீங்கள் சொல்வது நியாயம், ஒரே வழி இல்லை. நேரே கண்ணுக்குத் தெரியும் இடமாக இருந்தால் திசைப் பாலம் நன்றாகவே வேலை செய்யும். நான் தயங்குவது இடையில் இருக்கும் மரங்களுக்காக. கோடையில் போட்டுப் பார்க்கும்போது கிடைக்கும் அலை, இலை அடர்ந்து மழையில் நனைந்து நிற்கும்போது கிடைக்காது. தம்பிக்குத் தோட்டத்துவீடு என்றே பெயர் இருக்கிறது, மரம் எத்தனை என்று அவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வது கட்டடத்துக்குக் கட்டடம் போகும் பாலம். ஒவ்வொரு கேமராவும் தனித்தனியாக வீட்டு வைஃபையில் சேர்வது வேறு விஷயம், அதை நான் 14 கேமராவுக்குச் சொல்லவே மாட்டேன். எல்லாம் ஒரே காற்றலையைப் பங்கு போட்டுக்கொண்டு இடைவிடாமல் அனுப்பும்.

தோட்டத்துவீடு:

நடுவில் இரண்டு மாமரம், ஒரு வேம்பு. தண்ணீர்க் குழாய்க்கு எப்படியும் பணிமனை வரை பள்ளம் தோண்டப் போகிறோம், அதே பள்ளத்தில் தனி பைப் போட்டு ஃபைபர் விடுகிறேன்.

கேபிள் பெட்டியை அளந்தேன். 78 ஓம். சுரண்டிப் பார்த்தேன், உள்ளே வெள்ளை.

முடிச்சு:

பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள், மனசு கேட்காமல் பாதியைப் பயன்படுத்திவிட வேண்டாம்.

நான் வந்தது அந்தப் போர்ட் திறக்கும் யோசனைக்காக. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும்தான் தேடிப் பிடித்தது. பெரிய தந்திரம் எதுவும் அதில் இல்லை. தயாரிப்பாளர் வைத்துவிட்ட பெயர், கடவுச்சொல் சோடிகள் 60க்கும் மேற்பட்டதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அப்படிச் சேர்ந்த கருவிகளை வைத்து அந்த அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. கேமரா வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் சுவரில் இருக்கும் கருவி அதில் ஈடுபட்டது தெரியவே தெரியாது.

வெளியிலிருந்து பார்க்க விபிஎன் வையுங்கள், அது போனுக்கும் வீட்டுக்கும் இடையே பூட்டிய தனிப் பாதை மாதிரி. இப்போது பல ரவுட்டர்களில் வயர்கார்ட் என்ற விபிஎன் உள்ளேயே வருகிறது. போனில் விபிஎன்னை இயக்கினால் வீட்டுக்குள் இருப்பது போலவே என்விஆர் திறக்கும். ரவுட்டரில் யுபிஎன்பி என்று ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும், அதை அணையுங்கள். நீங்கள் திறக்காவிட்டாலும் கேமராவே கேட்டுப் போர்ட்டைத் திறந்துகொள்ள அது இடம் கொடுக்கும்.

அடுத்தது, கேமராக்களை வீட்டுக் கணினியும் போனும் இருக்கும் நெட்வொர்க்கில் போட வேண்டாம். தனி விலான் (அதே சுவிட்சுகளிலேயே பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) போட்டு, அதிலிருந்து இணையத்துக்கும் வீட்டு நெட்வொர்க்குக்கும் எதுவும் போகாதபடி ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள். வெளிச்சுவரில் இருக்கும் கேமராவைக் கழற்றினால் கையில் ஒரு ஈதர்நெட் முனை கிடைக்கும், அதில் மடிக்கணினியைச் செருகினால் ஆள் உங்கள் வீட்டுக்குள் வந்த மாதிரி. இதை யாரும் யோசிப்பதில்லை.

தோட்டத்துவீடு:

விலான் என்றால் என்னவென்று படித்துப் பார்த்தேன். ஓரளவு புரிகிறது, ஆனால் நானே தவறாக அமைத்துவிட்டுப் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது.

இரவுக்காவல்:

அந்தப் பயம் சரியானது. முடிச்சு சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் இவர் நிலைமைக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. இரண்டு லேன் போர்ட் உள்ள என்விஆர் வாங்கட்டும். ஒரு போர்ட்டில் கேமராச் சுவிட்ச், இன்னொன்றில் வீட்டு ரவுட்டர். இரண்டு போர்ட்டும் தனித்தனி முகவரிப் பரப்பில் இயங்கும்படி அமைக்க வேண்டும், சிலவற்றில் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் தேர்வும் இருக்கும். கேமராச் சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவே கேபிளே கிடையாது. கண்ணால் பார்த்தே சரி என்று சொல்லிவிடலாம்.

முடிச்சு:

ஒத்துக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும் ஒரே கருவி என்விஆர். அதன் ஃபார்ம்வேரை மட்டும் விடாமல் புதுப்பியுங்கள். குறை ஒன்று: ஒரு கேமராவின் அமைப்புப் பக்கத்தை நேரடியாகத் திறக்க வேண்டுமென்றால் மடிக்கணினியைக் கொண்டுபோய்ச் சுவிட்சில் செருக வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை என்றால் பெரிய தொல்லை இல்லை.

இரவுக்காவல்:

இணையத்திலிருந்து பிரித்ததும் கேமராவின் கடிகாரம் அனாதையாகிவிடும், இதைக் கட்டாயம் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் வாகனத்தை இரவில் யாரோ இடித்துவிட்டுப் போனார்கள். பதிவு இருந்தது, முகம்கூடத் தெரிந்தது. ஆனால் கேமரா நேரம் 40 நிமிடம் பின்தங்கியிருந்தது, பக்கத்துக் கேமரா நேரத்தோடு ஒட்டவில்லை. அதை விளக்கவே பெரும்பாடு பட்டார். என்விஆர் இணையத்திலிருந்து நேரம் எடுக்கட்டும், கேமராக்கள் எல்லாம் என்விஆரை என்டிபி சர்வராக, அதாவது நேரம் கொடுக்கும் கருவியாக, வைத்து நேரம் எடுக்கட்டும்.

முகவரிகளை நிலையாகக் கொடுங்கள். கேமரா 7 என்றால் கேபிளின் இரு முனையிலும் 7, பேட்ச் பேனலில் 7, முகவரியின் கடைசி எண் 107, திரையில் சேனல் 7. ஒரு நாள் இருட்டில் ஏணி மேல் நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

தோட்டத்துவீடு:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் எல்லாரும் சொன்னபடியே செய்து முடித்துவிட்டேன்.

சுத்தச் செம்பு கேபிள் வாங்கினேன். வெளியே வெயிலில் போகும் இடத்துக்கு மட்டும் புறஊதாக் கதிரைத் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிள். மாடிப்படிக்கு அடியில் ரேக், 16 போர்ட் 150 வாட் சுவிட்ச். பணிமனையில் எஸ்எஃப்பி உள்ள 8 போர்ட் ஏடி சுவிட்ச், தனி யூபிஎஸ், ஏனென்றால் ஃபைபரில் மின்சாரம் போகாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு மூலைக்கும் ஒரு உபரி கேபிள் போட்டேன், அது வீணாகவில்லை. பூச்சு முடிந்து சோதித்தபோது கேபிள் 4இல் ஒரு சோடி திறந்திருந்தது, யாரோ ஆணி அடித்திருக்கிறார்கள். உபரியை எடுத்து அதற்கும் 4 என்றே எண் போட்டுவிட்டேன்.

நேற்று இரவு எல்லா விளக்கும் எரியும்போது சுவிட்ச் பக்கத்தில் பார்த்தேன். வீட்டில் 74 வாட், பணிமனையில் பிடிஇசட் சுழலும்போது 43. மெயின் சுவிட்சை அணைத்தேன், யூபிஎஸ்சில் ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஓடியது. ஒரு கேமராவும் அணைந்து எழவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. வெளிச்சுவரில் கேமரா 12இன் கனெக்டர் முனை ஜங்ஷன் பாக்ஸுக்கு வெளியே தொங்குகிறது, பாக்ஸ் சிறிதாகப் போய்விட்டது. இப்போதைக்கு ரப்பர் உறை போட்டு, தண்ணீர் கனெக்டருக்கு வராமல் கீழே சொட்டும்படி கேபிளை வளைத்து விட்டிருக்கிறேன்.

செம்புக்கம்பி:

மழை தொடங்கும் முன் பெரிய பாக்ஸாக மாற்றிவிடு தம்பி. அந்த முனையில் 48 வோல்ட் எப்போதும் இருக்கிறது, ஈரம் பட்டால் பின்கள் பச்சை பூத்து அரித்துவிடும். மாற்றும்போது பழைய கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாகவே போடு.

தோட்டத்துவீடு:

ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுகிறேன் அண்ணா.